பதினோரு இடங்களில் எக்கோ

ஜெமிமாவுக்கு ஒரே ஒரு சீடர். சீடருக்கு வயது நாற்பத்தொன்று, குருவுக்கு இருபத்தெட்டு. மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஆசீர் சனிக்கிழமை தவறாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டு மாடியேறிவிடுவார். வீட்டில் பதிவு செய்த பாட்டை மெருகேற்றுவது எப்படி என்று கற்றுக்கொள்ளத்தான்.

முதல் நாளே அவள் ஒன்று சொல்லியிருந்தாள்.

"பாட்டு முழுக்க எக்கோ போடுதது சோறு முழுக்க ஊறுகாயைப் பிசையுத மாதிரி அண்ணாச்சி. எந்தெந்த இடம்னு முதல்ல பேப்பர்ல எழுதுங்க. அப்புறம் கம்ப்யூட்டர்ல கை வைங்க."

இந்த வாரம் அவர் கொண்டுபோன பாட்டு அவருடையது அல்ல. எட்வின் பாடியது. எட்வின் ஆறு மாதத்துக்கு முன்பு பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வந்த வங்கி ஊழியர். வந்த வேகத்தில் ஆலயப் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டார்.

பதினான்கு வருஷமாக கிறிஸ்துமஸ் ஆராதனையில் முதல் சரணத்தைத் தனியாகப் பாடுவது ஆசீர்தான். இந்த வருஷம் எட்வின் பாடட்டுமே என்று குழுவில் ஒரு பேச்சு கிளம்பியது. பதிவைக் கேட்டுப் போதகர் முடிவு சொல்வார். பிடித்தால் எட்வின், பிடிக்காவிட்டால் பழையபடி ஆசீர். அந்தப் பதிவைத் தயார் செய்யும் பொறுப்பு யாருக்கு வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஆசீருக்குத்தான். அந்த வேலை தெரிந்தவர் குழுவில் வேறு யாரும் இல்லை.

பதிவு நடந்ததும் ஆசீர் வீட்டுப் படுக்கையறையில்தான். பீரோவை விரியத் திறந்து வைத்து, உள்ளே தொங்கும் சேலைகளுக்கு எதிரே மைக்கை வைப்பார். சத்தம் சுவரில் மோதித் திரும்பாமல் சேலைகள் வாங்கிக்கொள்ளும். ஆசீர் பாடிப் பதிவு செய்கிற நாளில் அவர் மனைவி ஸ்டெல்லாவின் குக்கர் குறைந்தது மூன்று விசிலாவது அடிக்கும். எட்வின் பாடியபோது யாரும் சொல்லாமலேயே அவள் அடுப்பை அணைத்தாள். பாட்டு முடிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, காப்பி குடிக்கீங்களா?" என்று கேட்டாள்.

ஆசீருக்கு வயிறு எரிந்தது. இதில் பூசி மெழுக என்ன இருக்கிறது?

பாடியது பாடியபடி இருந்த பதிவை வியாழக்கிழமையே அவர் ஜெமிமாவுக்கு அனுப்பிவிட்டார். அது அவர்களுடைய வழக்கம். பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, பேப்பரில் பதினோரு இடங்களைக் குறித்து, அங்கெல்லாம் தாராளமாக எக்கோ போட்டார். பாட்டுக்கு நல்லதுதானே செய்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லியும் கொண்டார்.

சனிக்கிழமை ஜெமிமா அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டாள். பதினோரு இடங்களில் எட்வினின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை.

"பேப்பரைத் தாங்க அண்ணாச்சி."

தந்தார்.

"நாப்பத்திரெண்டாவது செகண்டு. இங்க எதுக்கு?"

"மூச்சுச் சத்தம் கேக்குது டீச்சர். அசிங்கமா இருந்துச்சு. மூடிட்டேன்."

அவள் எக்கோவை எடுத்துவிட்டு அந்த இடத்தை மட்டும் ஓட்டினாள். 'ஒரு கதவாவது' என்று பாடிவிட்டு எட்வின் ஒரு மூச்சு எடுத்தார். பிறகுதான் 'திறந்திருந்தால்' என்று முடித்தார். முதல் கிறிஸ்துமஸ் இரவில், பிள்ளைத்தாய்ச்சி மனைவியைக் கூட்டிக்கொண்டு தங்க இடம் கேட்டு வீடு வீடாக அலைந்தவனின் களைப்பு முழுவதும் அந்த மூச்சில் இருந்தது.

ஆசீர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அடுத்தது?"

"சுருதி கீழ இருந்து ஏறுது. எக்கோவைக் கூட்டினா தெரியாது."

அதையும் வெறுமையாக ஓட்டினாள். குரல் ஒரு படி கீழே தயங்கி நின்று, பிறகு ஏறிச் சேர்ந்தது. நேராகப் போய் நின்றிருந்தால் அது வெறும் பாட்டாகத்தான் இருந்திருக்கும்.

"ரெண்டாவது சரணத்துல?"

"அங்க குரல் கம்முது..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

அவள் ஓட்டினாள். பாவி, என்னமாய்ப் பாடியிருக்கிறான் என்று ஆசீருக்குத் தோன்றியது. தோன்றியதும் முன்னைவிட அதிகமாக எரிந்தது.

"போதும் டீச்சர்."

"இன்னும் எட்டு இருக்கே."

எட்டையும் ஓட்டினாள். ஒன்றுக்காவது அவர் காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கடைசி இடம் முடிந்ததும் ஆசீர் லேப்டாப்பை மூடினார்.

"அந்த இடமெல்லாம் வரும்போது எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ செஞ்சுது டீச்சர். பதினாலு வருசமா பாடுதேன். ஒரு நாளாவது எனக்கு அப்படி வந்ததில்ல. போதகர் அதைக் கேட்டா என் சரணம் போயிரும். அதான் மூடினேன்."

ஜெமிமா மேஜையிலிருந்து தன் நோட்டை எடுத்தாள்.

"இந்த வேலைய நான் செய்யக் கூடாது. வேற யாருகிட்டயாவது குடுத்திருங்க."

அவள் நோட்டைத் திறந்து, ஒரு பக்கத்தைப் புரட்டி அவர் பக்கம் தள்ளினாள்.

"வியாழக்கிழமை நீங்க அனுப்பினீங்கல்லா, அன்னைக்கே எழுதினது. எங்கெல்லாம் எதுவும் போடாம அப்படியே விடணும்னு."

ஏழு இடங்கள் எழுதியிருந்தன. ஆசீர் தன் பேப்பரை அருகில் வைத்து, விரலை ஓட்டி ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஏழும் அவருடைய பதினொன்றுக்குள் இருந்தன. ஒரு செகண்டு கூட முன்பின் இல்லை.

"இப்பச் சொல்லுங்க, வேற யாருகிட்ட குடுக்க?" என்றாள் ஜெமிமா. "மூணு தடவை கேட்டும் எனக்கே நாலு இடம் தட்டுப்படாமப் போச்சே அண்ணாச்சி."