வரிச்சி கடித்த அவரைக்கொடி

நாணல் குளத்துக் காட்டில் துள்ளப்பன் என்று ஒரு முயலும் வரிச்சி என்று ஓர் அணிலும் இருந்தார்கள். இருவரும் சேர்ந்து ஆண்டுதோறும் ஓர் அவரைக்கொடி வளர்ப்பார்கள். தரையில் ஓடுகிறவனுக்கும் மரத்தில் ஓடுகிறவளுக்கும் அப்படி ஒரு கூட்டு!

ஆடி பிறந்ததும் குளக்கரைக் கல்யாண முருங்கை மரத்தடியில் துள்ளப்பன் குழி தோண்டுவான். அவன் தோண்டுகிற வேகத்தில் மண் பறந்து வரிச்சியின் மூக்கில் விழும்.

"ஏ துள்ளப்பா! நான் குழிதானே கேட்டேன், கிணறா கேட்டேன்?" என்று தும்மிக்கொண்டே அவள் விதையைப் போடுவாள்.

கொடி மரத்தைப் பற்றி ஏறியதும் வரிச்சியும் ஏறிவிடுவாள். மேலே உட்கார்ந்துகொண்டு கொடியின் நுனிகளை நறுக்கு நறுக்கென்று கடித்துக் கீழே போடுவாள்.

"அடிப் பாவி! வளர்ற பிள்ளையைப் போய்க் கடிக்கிறியே!" என்று துள்ளப்பன் கத்துவான்.

"உனக்குத்தான் போடுறேன். வாயை மூடிக்கிட்டுத் தின்னு!"

வாயை மூடிக்கொண்டு எப்படித் தின்பது என்று துள்ளப்பன் கேட்பான். அவள் இன்னொரு தளிரை அவன் மண்டையில் போடுவாள். அவனும் திட்டிக்கொண்டே தின்பான். மார்கழிப் பனியில் கொடி முழுக்க ஊதாப் பூ பூக்கும். தை பிறந்தால் கொத்துக் கொத்தாகக் காய். அவள் மேலிருந்து பறித்துப் போடப் போட இவன் கீழே கடித்துத் தின்று, வயிறு கனத்துப் போய் அங்கேயே தூங்கிவிடுவான்.

அதெல்லாம் போன வருஷத்தோடு முடிந்தது. சித்திரையில் ஒரு நாள், பட்டப்பகலில், ஒரு வல்லூறு வரிச்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. துள்ளப்பன் மூன்று நாள் அந்த மரத்தடியிலேயே நின்று கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு மரத்திலிருந்து சரிந்து விழுந்த பழைய அவரைக்கொடியை, காய்ந்த சருகோடு, தன் புதருக்குள் இழுத்துப்போய் மெத்தையாகப் போட்டுக்கொண்டான். அதில் முகத்தைப் புதைத்தால் வரிச்சியின் வாசனை வந்தது. அவனுக்கு அது போதுமாக இருந்தது.

ஆடி வந்தது. மரத்தின் அடிப்பொந்தில் வரிச்சி சேர்த்துவைத்த விதைகளை எடுத்துப் பார்த்தான். அத்தனையிலும் வண்டு துளை போட்டிருந்தது. தேடிப் பொறுக்கியதில் தேறியது மூன்றே விதை. நட்டான். ஒன்று மழையில் அழுகியது. ஒன்று முளைத்ததும் நத்தை தின்றுவிட்டது. மிச்சம் ஒரே ஒரு கொடி!

இது காய்த்தால்தான் அடுத்த ஆண்டுக்கு விதை. இது காய்க்காவிட்டால் வரிச்சியின் அவரை இந்தக் காட்டில் இத்தோடு சரி. அதை நினைத்தாலே துள்ளப்பனின் மீசை நடுங்கியது.

"வரிச்சி, உன் கொடி மேல ஒரு பல்லு படாம பாத்துக்கிறேன். என் பல்லுகூடப் படாது!" என்று மரத்தடியில் நின்று சத்தியம் செய்தான்.

முயலுக்கு அவரைத் தளிர் என்றால் உயிர். ஆனாலும் அவன் தொடவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு காவல் இருந்தான். கொடி பிரியாமல் கொள்ளாமல் ஒற்றையாக ஏறி, உச்சியைத் தொட்டு, அங்கிருந்தும் நீண்டு காற்றில் ஆடியது. இலை ஒவ்வொன்றும் அவன் காதளவு அகலம்.

ஒரு நாள் கொண்டைச்சி என்ற கொண்டைக்குருவி அந்தப் பக்கம் வந்தாள். வாய்த்துடுக்கு அதிகம். மனசு சுத்தம்.

"துள்ளப்பண்ணே! கொடி இப்படி ஒட்டடைக் கம்பு மாதிரி நீளுதே, நுனியைக் கிள்ளுற ஆள் இல்லையா? இலைக்கு அடியில அசுவினிப் பூச்சி வேற அடை அடையா அப்பியிருக்கு. நான் வேணா நாலு நாள் வந்து கொத்திப் போடட்டா?"

துள்ளப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வரிச்சி உட்கார்ந்த கிளையில் இவள் உட்கார்ந்திருக்கிறாளே!

"இறங்கு கீழே! அது என் வரிச்சியோட கொடி. உன் அலகு அதுல படக்கூடாது!"

"நல்லது சொன்னா இந்தக் காலத்துல யார் கேக்குறா!" என்று கொண்டைச்சி வாலை ஆட்டிவிட்டுப் பறந்துபோனாள்.

அவள் போன மறுநிமிஷம் மரத்திலிருந்து ஒரு கறுப்பெறும்பு இறங்கி வந்து கும்பிடு போட்டது. எறும்புக் கூட்டத்துக்குத் தலைவன், பெயர் சாரையப்பன்.

"சரியாச் சொன்னீங்க அண்ணாச்சி! வரிச்சியம்மா கொடியைக் கண்டவங்க தொடலாமா? நீங்க கீழ நின்னு பாத்துக்கோங்க. மேல நாங்க முந்நூறு பேர் காவல் நிக்கிறோம். ஒரு பொறிவண்டு வந்தாக்கூட விரட்டிருவோம்!"

"வரிச்சியை உனக்குத் தெரியுமா?" என்று துள்ளப்பன் ஆசையாகக் கேட்டான்.

"தெரியாமலா! தங்கமான மனுஷி!" என்றான் சாரையப்பன். உண்மையில் வரிச்சியைக் கண்டாலே ஓடி ஒளிந்தவன் அவன். இதைத் துள்ளப்பன் எங்கே யோசித்தான்? அவளைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை பேச ஒருத்தன் கிடைத்தானே என்று உருகிப்போனான். அன்றிலிருந்து தினமும் மாலையில் அவன் பழைய கதை சொல்வதும், சாரையப்பன் "அடடா! அப்புறம்?" என்று கேட்பதும் வழக்கமாயிற்று. கதை கேட்கிற நேரத்தில் மற்ற எறும்புகள் மேலே வேறு வேலை பார்த்தன.

கார்த்திகை வந்தது. வேலியோரத்து அவரைகளெல்லாம் மொட்டு விட்டன. வரிச்சியின் கொடியில் ஒரு மொட்டுகூட இல்லை. இலைகள் சுருண்டு, பிசுபிசுவென்று கறுத்துக் கிடந்தன.

"பூ எங்கே சாரையப்பா?"

"வரும் அண்ணாச்சி, வரும்! நீங்க கதையைச் சொல்லுங்க. அந்த மூக்குல மண்ணு விழுந்த கதை..."

அன்று துள்ளப்பனுக்குக் கதை ஓடவில்லை. பின்னங்காலில் எழும்பி நின்று, எட்டிய இலையைத் திருப்பிப் பார்த்தான். இலைக்கு அடியில் அசுவினிகள் நெருக்கியடித்துக்கொண்டு கொடியின் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன. எறும்புகள் அவற்றின் முதுகைத் தடவித் தடவி, அவை விடும் தேன்துளியைக் குடித்துக்கொண்டிருந்தன. இரண்டு எறும்புகள் ஓர் அசுவினியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிப் புதுத்தளிருக்குக் கொண்டுபோயின.

"அடப்பாவி! இதுவா காவல்?"

சாரையப்பன் கொஞ்சமும் கூசவில்லை. "காவல்தான் அண்ணாச்சி. கொடிக்குன்னா சொன்னேன்? எங்க மாட்டுக்கு! மாடு மேய எடம் குடுத்தது நீங்க. அந்தக் குருவியை விரட்டினதும் நீங்கதானே!"

துள்ளப்பன் புதருக்குப் போய்ச் சேர்ந்தான். காய்ந்த கொடி மெத்தையில் முகத்தைப் புதைத்து அழுதான். "வரிச்சி, உன் அவரையை நானே கெடுத்துட்டேனே!"

அழுத மூக்கில் ஏதோ உறுத்தியது. விலக்கிப் பார்த்தான். பழைய கொடியின் தண்டில் ஒரு வெட்டு. இரண்டு சின்னப் பல் பட்ட தடம். வரிச்சியின் பல்!

அந்தத் தடத்துக்குக் கீழே தண்டு இரண்டாகப் பிரிந்திருந்தது. பிரிந்த கிளையைத் தொடர்ந்து போனான். அங்கேயும் ஒரு பல் தடம். அங்கேயும் இரண்டு கிளை. ஒவ்வொரு கிளையிலும் பூக்கொத்து நின்ற காம்பு, காய் பறித்த வடு. இத்தனை மாதமாய் அதன் மேல்தான் படுத்திருக்கிறான். கண்ணைத் திறந்து ஒரு தடவை பார்த்ததில்லை.

"எனக்குத் தளிர் போடுறதுக்காக அவ கடிக்கிறான்னு நினைச்சேனே! கொடி பிரியத்தான் கடிச்சிருக்கா. அந்தத் தளிரை வீணாக்காம எனக்கும் போட்டிருக்கா!"

மறுநாள் விடிந்ததும் கொண்டைச்சியைத் தேடிப் போனான்.

"என்ன அண்ணே, இப்ப என் அலகு படலாமோ?" என்றாள் அவள்.

"படலாம் தாயி. என் புத்தி மேலயும் நாலு கொத்து கொத்திட்டுப் போ!"

கொண்டைச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலே பறந்து, நீண்டு ஆடிய நுனியைக் கிள்ளி எறிந்தாள். அசுவினிகளைக் கொத்திக் கொத்தித் தின்றாள். துள்ளப்பனும் சும்மா இருக்கவில்லை. ஆடு மேய்ப்பவர்கள் கஞ்சி காய்ச்சிவிட்டுப் போன இடத்தில் ஆறிய சாம்பல் கிடந்தது. அதில் விழுந்து புரண்டான். சாம்பல் முயலாக ஓடிவந்து மரத்தடியில் நின்று உடம்பை உதறினான். பிசுபிசுத்த இலைமேல் சாம்பல் அப்பிக்கொண்டது. மறுபடி புரண்டான், மறுபடி உதறினான். எட்டாத உயரத்துக்குக் கொண்டைச்சி அலகில் அள்ளிக்கொண்டு போய்த் தூவினாள்.

"கண்ணு எரியுது! கூட்டத்தைக் கிளப்புங்கடா!" என்று சாரையப்பன் தன் ஆட்களோடு இறங்கி ஓடினான். பழைய கதை கேட்க அவன் பிறகு வரவே இல்லை.

கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வந்தது; அவற்றின் நுனியையும் கிள்ளக் கிள்ள, அங்கேயும் இரண்டிரண்டாகப் பிரிந்தது. மார்கழி கடைசியில், மற்ற கொடிகள் காய்க்கத் தொடங்கிவிட்ட நேரத்தில், முதல் ஊதாப் பூ விரிந்தது. தையில் காய் பிடித்தது.

"பறிக்கட்டா?" என்று கொண்டைச்சி கேட்டாள்.

துள்ளப்பனின் வாய் "வேண்டாம்" என்று சொல்லத்தான் வந்தது. அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன? ஆனால் காய் முற்றி நின்றுவிட்டால் கொடி அடுத்த பூ விடாது. பழைய கொடியின் வடுக்கள் அவன் கண்ணில் வந்து நின்றன.

"விதைக்கு அடிக்கொத்து ஒண்ணை விட்டுட்டு மத்ததைப் பறி!"

முதல் காய் நேராக அவன் மண்டையில் விழுந்தது. துள்ளப்பன் திடுக்கிட்டு மேலே பார்த்தான். கிளையில் கொண்டைச்சிதான் இருந்தாள். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. காயைக் கடித்தான். போன வருஷத்து ருசி அப்படியே இருந்தது.

மாசியில் அந்த அடிக்கொத்து முற்றி உலர்ந்தது. இருபத்தொரு விதை! வண்டு வராமல் சாம்பலில் புரட்டி, பாதியை மரப்பொந்தில் வைத்தான். மீதியைக் கொண்டைச்சியிடம் கொடுத்தான்.

"எனக்கு எதுக்கண்ணே?"

"வேற வேற மரத்தடியில போடு. குழி நான் வந்து தோண்டுறேன். மூக்கை மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சுக்கோ!"

நம்மைவிட்டுப் போனவர்களின் பொருளைத் தொடாமல் பூட்டி வைப்பவர்களைவிட, அவர்கள் செய்த வேலையைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்பவர்களே அவர்களை உண்மையில் மறக்காதவர்கள்.