தெக்லாவின் முழங்கால்

குருவுக்கு வயது முப்பத்திநான்கு. சீடருக்கு ஐம்பத்தாறு. கலி முற்றிவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். போலந்து நாட்டில், வயலின் விஷயத்தில், இப்படியும் நடக்கும்.

சீடரின் பெயர் போகுமில். வார்சா நகரத்து இசைக் கல்லூரியில் பேராசிரியர். வயலின் சொல்லிக்கொடுப்பார், மசூர்க்கா எழுதுவார். மசூர்க்கா என்பது அந்த நாட்டு நடன இசை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று தட்டுத் தாளம். ஷோபான் என்ற பெரிய இசையமைப்பாளர் அதை எழுதி உலகத்துக்கே கொடுத்துவிட்டுப் போனார். பின்னால் வந்த பலருக்கும் ஒன்றாவது எழுதிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. போகுமில் பன்னிரண்டு எழுதியிருந்தார். பெரிய அரங்குகளில் வாசித்தார்கள், கைதட்டினார்கள். யாரும் எழுந்து ஆடவில்லை. அரங்கத்தில் யார் ஆடுவார்கள்?

அவருடைய ஒரே மகள் ஒக்தாவியா. மசோவியா சமவெளியில் ஒரு கிராமத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆட வருகிறவர் முதலில் வாத்தியக்காரர்கள் முன்னால் நின்று ஒரு மெட்டைப் பாட வேண்டும். வயலின்காரர் அதைப் பிடித்துத் திருப்பி வாசிக்க வேண்டும். பாடியவர் முதல் ஜோடியாக ஆடுவார், மற்றவர்கள் பின்னால் ஆடுவார்கள். கல்யாணத்தில் மணப்பெண்தான் முதலில் பாடுவாள்.

"எனக்கு நீங்கதான் வாசிக்கணும்பா," என்றாள் மகள்.

"அங்க நல்ல வயலின்காரங்க இருக்காங்களே."

"இருக்காங்க. ஆனா உங்க வாசிப்புக்கு நான் ஒரு தடவைகூட ஆடினதில்லையே."

அது உண்மைதான். ஆறு வயதில் ஒருமுறை ஆடப் பார்த்தாள். அவர் எழுதிக்கொண்டிருந்தார். "குதிக்காதே, எண்ணிக்கை தப்புது," என்று அதட்டினார். அதற்குப் பிறகு அவள் ஆடவே இல்லை. மறந்திருப்பாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கல்யாணத்துக்குப் பதினோரு வாரம் இருந்தது. போகுமில், அந்த ஊரில் வயலின் வாசிக்கும் யுஸ்தினா என்ற பெண்ணைத் தேடிப் போனார். யுஸ்தினாவுக்கு ஒரு ஆப்பிள் தோட்டம் இருந்தது. மரத்தில் ஏணி சாத்தி, மேலே நின்று கிளை வெட்டிக்கொண்டிருந்தார்.

போகுமில் ஏணியடியில் நின்று கேட்டார்:

"மூணு தட்டுல எது நீளம்?"

"என்னது?"

"நோட்டுல எழுதினா மூணும் சமம். நீங்க வாசிச்சா சமமா இல்ல. ஏதோ ஒண்ணு இழுக்குது. எதுன்னுதான் பிடிபடல."

யுஸ்தினா ஒரு கிளையை வெட்டிக் கீழே போட்டார்.

"ஞாயித்துக்கிழமை வாங்க புரொபசர். வயலினை வீட்டிலேயே வச்சுட்டு வாங்க."

ஊரின் தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகையை ஒட்டி ஒரு கூடம். ஞாயிறு பிற்பகலில் அங்கேதான் ஆட்டம். யுஸ்தினா அவரிடம் ஒரு பெரிய வாத்தியத்தைக் கொடுத்தார். செல்லோ என்ற பெரிய வயலினுக்கு முரட்டு அண்ணன் மாதிரி இருந்தது, ஊர்த் தச்சர் செய்தது, மூன்று தந்தி. அதை அங்கே பாஸி என்பார்கள். வயலின் முன்னால் போக, இது பின்னால் தாளம் போடும்.

"வில்லால இழுங்க, போதும்," என்றார் யுஸ்தினா.

"இடது கைக்கு என்ன வேலை?"

"ஒண்ணும் இல்ல. அரிச்சா சொறிஞ்சுக்கலாம்."

முப்பது வருஷம் மேடை ஏறிய பேராசிரியர், மூலையில் உட்கார்ந்து, மரம் அறுப்பதுபோல் இழுத்தார். வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணை எதுக்கு மூடுறீங்க?"

"காது நல்லாக் கேக்கும்."

"ஓகோ," என்றார் யுஸ்தினா.

ஆறு ஞாயிறு இப்படியே போனது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் அதே கேள்வியைக் கேட்டார். ஒவ்வொரு ஞாயிறும் யுஸ்தினா பாஸியை எடுத்து நீட்டினார். போகுமிலுக்குப் பொறுமை போய்விட்டது. இந்தப் பெண் சொல்லித்தர மாட்டாள், நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவுக்கு வந்தார். ஏழாவது ஞாயிறு, மே மாதம் இரண்டாம் ஞாயிறு, சட்டைப் பையில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, முதல் மெட்டை யாருக்கும் தெரியாமல் பதிவு செய்துகொண்டார்.

வீட்டுக்குப் போய்க் கணினியில் போட்டு ஒவ்வொரு தட்டையும் அளந்தார். அளந்ததும் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். மூன்று தட்டு ஒரு சுற்று என்றால், ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, இரண்டாம் தட்டு மட்டும் ஒன்றரை மடங்கு நீண்டிருந்தது. மற்றதெல்லாம் கிட்டத்தட்டச் சமம். இப்படி ஒரு தாளக் கணக்கை எந்தப் புத்தகத்திலும் அவர் படித்ததில்லை. இது ரகசியம், தலைமுறை தலைமுறையாக வந்தது, கேட்டால் சொல்ல மாட்டார்கள், திருடத்தான் வேண்டும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். அழகாக ஒரு தாளில் எழுதினார். ஐந்து நாள் சாதகம் செய்தார். பதிவையும் தன் வாசிப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

எட்டாவது ஞாயிறு வயலினோடு வந்து நின்றார்.

"இன்னைக்கு நான் வாசிக்கட்டுமா?"

"தாராளமா," என்று யுஸ்தினா பாஸியை எடுத்துக்கொண்டார்.

ஒரு இளம் ஜோடி வந்து பாடியது. போகுமில் மெட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினார். ஒன்றரை மடங்கு இழுக்க வேண்டிய இடத்தில் சரியாக ஒன்றரை மடங்கு இழுத்தார். சுகமாக வாசித்தார், அதில் சந்தேகமில்லை. கொஞ்ச நேரத்தில் காலடிச் சத்தம் குறைவதுபோல் தோன்றியது. கண்ணைத் திறந்தார்.

ஒருவர் தன் மனைவியின் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு ஜோடிகள் முட்டிக்கொண்டு நின்றன. பாடிய இளம் ஜோடி ஊறுகாய் வெள்ளரிக்காய்த் தட்டுப் பக்கம் போய்விட்டது.

"இவங்களுக்கு இன்னைக்கு என்ன ஆச்சு?" என்றார் போகுமில்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் வாசித்துவிட்டு, ஆடுகிறவர்களைக் கோணல் என்றார்.

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகல," என்றார் யுஸ்தினா.

"என் வாசிப்புல தப்பு இருக்க முடியாது. இது உங்க வாசிப்பு." பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். "மன்னிக்கணும், கேக்காம பதிவு பண்ணிட்டேன். போன ஞாயிறு நீங்க வாசிச்சதை அளந்து எழுதினேன். ஒரு சுத்து விட்டு ஒரு சுத்து, ரெண்டாவது தட்டு ஒன்றரை மடங்கு. இதுதானே நீங்க சொல்லாம வச்சிருந்தது?"

யுஸ்தினா தாளைப் பார்த்தார். யோசித்தார்.

"நீங்க பதிவு பண்ணின மெட்டை யார் பாடினது?"

"ரொட்டிக் கடை அம்மா. தெக்லா."

"தெக்லாம்மா!" யுஸ்தினா கூடத்தின் மறுகோடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இங்க வந்து ஒரு சுத்து ஆடிக் காட்டுங்களேன்."

தெக்லா கேக் தின்றுகொண்டிருந்தார். "வாத்தியம் இல்லாமலா?" என்று முனகிக்கொண்டே தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தார். கூடம் அமைதியானது. தெக்லா பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மரத் தரையில் தனியாகச் சுற்ற ஆரம்பித்தார்.

தட், தட்… தட். தட், தட், தட். தட், தட்… தட். தட், தட், தட்.

போகுமில் தாளைப் பார்த்தார். தெக்லாவின் காலைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

"முழங்கால்," என்றார் தெக்லா, மூச்சு வாங்கிக்கொண்டே. "டிராக்டர்லேர்ந்து விழுந்தேன். அதுலேர்ந்து வலது காலை ஊன்றித் திரும்பணும்னா கொஞ்சம் நேரம் பிடிக்குது. யுஸ்தினா எனக்காகக் காத்திருப்பா. நல்ல பொண்ணு." பிறகு தாளை எட்டிப் பார்த்தார். "இதுல என்ன எழுதியிருக்கீங்க? என் காலையா? அப்போ மேல என் பேரைப் போடுங்க."

கூடமே சிரித்தது. போகுமில் காது வரை சிவந்துபோனார். அங்கேயே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

யுஸ்தினா பாஸியை அவர் பக்கம் நீட்டினார். இந்த முறை அவர் கேள்வி ஏதும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். கண்ணை மூடவும் இல்லை.

அடுத்து வந்த ஞாயிறுகளில் அவர் ஆடுகிறவர்களின் காலணிகளைப் பார்த்தார். குதிகால் தேய்ந்தவை, புதிதாகக் கடிப்பவை, பக்கத்தில் தையல் விட்டவை. ஒரு ஜோடிக்கு இழுத்தது இன்னொரு ஜோடிக்கு இழுக்கவில்லை. சில சமயம் ஒரே ஜோடிக்கே, களைத்த பிறகு, வேறு இடத்தில் இழுத்தது. யுஸ்தினாவின் வில் ஒவ்வொரு முறையும் அங்கே போய் நின்று காத்திருந்தது. இவ்வளவு நாளும் இது தன் கண்ணெதிரே நடந்திருக்கிறதே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

கல்யாண நாள் வந்தது. கூடம் நிறைந்திருந்தது. போகுமில் வயலினோடு உட்கார்ந்தார், பக்கத்தில் பாஸியோடு யுஸ்தினா. ஒக்தாவியா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து அப்பாவின் முன்னால் நின்றாள். பாடினாள்.

அது ஊர்ப் பாட்டு இல்லை. போகுமில் எழுதிய முதல் மசூர்க்கா. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், "குதிக்காதே" என்று அவளை அதட்டிய அன்று எழுதிக்கொண்டிருந்தது. ஒரு சுரம் விடாமல் பாடினாள்.

போகுமில் வயலினைத் தோளில் வைத்தார். தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிக்கக்கூடிய மெட்டு. வில்லைப் போட்டதும் பழைய பழக்கம் தானாக வந்தது. கண் மூடிக்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று, எழுதியபடியே, மூன்றும் சமமாகப் போனது.

விலாவில் ஏதோ குத்தியது. பாஸியின் வில்.

கண்ணைத் திறந்தார். மகள் தடுமாறிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை க்ஸவேரி ஆறடிக்கு மேல், தோளும் அதற்குத் தக்கபடி. நல்ல பையன், ஆனால் திரும்புவது பீரோவை நகர்த்துவதுபோல் இருந்தது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ஒக்தாவியா அவன் கையில் எம்பிக் காற்றில் நின்றாள். கீழே வர அவளுக்கு நேரம் வேண்டியிருந்தது. அவர் வில்லோ அவளுக்கு முன்னால் போய் நின்றது.

போகுமில் காத்திருந்தார். அவள் எம்பியபோது வில்லை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவள் கால் தரையைத் தொட்டபோதுதான் விட்டார்.

ஒக்தாவியா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். அடுத்த சுற்றில் இன்னும் உயரமாக எம்பினாள்.

"குதிம்மா," என்றார் போகுமில். "குதி, குதி."

வாத்தியச் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்டிருக்காது. அவளுக்குப் பின்னால் ஊரே ஆட ஆரம்பித்திருந்தது.

மெட்டு முடிந்ததும் போகுமில் கண்ணையும் நெற்றியையும் சேர்த்தே துடைத்துக்கொண்டார். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இருபத்திரண்டு வருஷம்! நானே எழுதினது. அது இப்படிப் போகும்னு எனக்கே தெரியாது." பையைத் துழாவிப் பென்சிலை எடுத்தார். தெக்லாவின் தாள்தான் கையில் வந்தது. அதையே திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டார். "மூணாவது தட்டு, யுஸ்தினா! மூணாவதுதான் நீளம். மறக்கறதுக்குள்ள எழுதி வச்சுக்கறேன்."

"எழுதுங்க புரொபசர்," என்றார் யுஸ்தினா. "ஆனா சீக்கிரம். அடுத்துப் பாட தெக்லாம்மா வர்றாங்க. நேத்து ஊசி போட்டுக்கிட்டாங்களாம். இன்னைக்கு முழங்கால்ல வலியே இல்லையாம்."