இரண்டு முழ மண்

அன்று ஓடைக்கரையில் இருந்தவர்கள் நால்வர். பராமரிப்புக் குழுவின் தலைவி பூங்கோதை. பதினைந்து ஆண்டுகளாக அந்த நகரத்து ஓடையில் இடுப்பளவு இறங்கி ஆகாயத்தாமரை பறித்து, நீரின் குணத்தையும் கரையின் குணத்தையும் கையாலேயே கற்றவர். வயது நாற்பத்து நான்கு. நாற்றங்கால் பார்க்கும் சவேரியாள். குப்பை வலை இழுக்கும் காதர் பாட்சா. பூங்கோதையிடம் வேலை கற்க வந்து மூன்றாண்டு ஆகியிருந்த இரத்தினசபாபதி. அவருக்கு வயது அறுபத்தொன்று, அரசு அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். ஒரு நீல மீன்கொத்தியும் வந்தது. ஆனால் அது இருந்தது என்று சொல்வதற்கில்லை.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மார்கழியில் மழை ஓய்ந்ததும் ஒரு நாள் காலை, கருவி எதையும் தொடாமல் கரை நெடுக நடப்பார்கள். அவரவர் பொறுப்பிலுள்ள கரையில் அவரவரே ஒரு குறை சொல்ல வேண்டும். பிறர் கரையைப் பழிக்கக் கூடாது. தன் கரையைப் புகழவும் கூடாது.

சவேரியாள் நீர்மருதுக் கன்றுகளில் ஏழு அழுகிப்போனதைச் சொன்னாள். காதர் பாட்சா தன் கரையில் கட்டிய வலையின் கிழிசலைக் காட்டினார். சபாபதியின் முறை வந்தது.

“என் கரையில குறை ஒண்ணும் தெரியலைம்மா.”

“நூல் பிடிச்சு நட்ட சாருக்குக் குறை எங்கேருந்து வரும்?” என்றாள் சவேரியாள்.

“ஒரு புல்லு கால் மாத்தி நின்னாலும் மெமோ குடுத்துருவாரு,” என்றார் காதர் பாட்சா.

சபாபதியும் சேர்ந்து சிரித்தார். அவர் சிரிப்பில் பெருமை இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. மூன்றாண்டுக்கு முன் அங்கிருந்த பழைய சிமெண்டுச் சுவரை இடித்து அகற்றியபோது, செம்மண் வெறுமையாய், செங்குத்தாய் நின்றது. அதை அப்படிப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரே வாரத்தில் நைலான் கயிறு கட்டி, சாணுக்கு ஒன்றாக வெட்டிவேர் நட்டார். இந்த மழையில் எல்லார் கரையும் சரிந்தது. அவர் கரையில் ஒரு பிடி மண் நகரவில்லை.

அப்போதுதான் மீன்கொத்தி வந்தது. எதிரே நீரில் ஊன்றியிருந்த மூங்கில் கழியில் அமர்ந்தது. தலையை இருமுறை ஆட்டிக் கரையைப் பார்த்தது. பிறகு ஓடையின் வளைவைக் கடந்து மறைந்தது.

கழியை ஊன்றியவர் சபாபதி. அது போன திசையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

“குறை இல்லை. கேள்வி ஒண்ணு இருக்கு,” என்றார். “வருது, உக்காருது, போயிடுது. ஏம்மா தங்க மாட்டேங்குது?”

பூங்கோதை கழியைப் பார்த்தார். சபாபதியே தொடர்ந்தார்:

“தை பொறந்தா நான் ஓசூருக்கு மக வீட்டோட போயிடுவேன். இனி இந்த ஊர்ல எனக்கு வீடு இல்லை. அதுக்குள்ள அது இங்க கூடு வைக்கிறதை ஒரு தடவை பார்த்துடணும்.”

“மீன்கொத்திக்கா பஞ்சம்? ஏரிப்பக்கம் வாங்க சார், ஒம்பது காட்டுறேன்,” என்றார் காதர் பாட்சா.

“இங்கதான் பார்க்கணும் பாய்.” கரையைக் காட்டி, “இங்க நின்ன சுவத்துக்குப் படம் போட்டவன் நான்,” என்றார்.



முப்பத்திரண்டு ஆண்டுக்கு முன் அவர் அளவெடுக்க வந்தபோது அந்தக் கரையில் ஐந்து பொந்துகள் இருந்தன. ஒன்றிலிருந்து நீலமாய் ஒரு பறவை அவர் காதோரம் பறந்து போயிற்று. அவர் படத்தில் ஐந்து வட்டமிட்டு, ஓரத்தில் எழுதினார்: ‘பொந்துகள் ஐந்து. சிமெண்டுக் கலவையால் அடைக்கப்பட வேண்டியவை.’ அடைக்கப்பட்டன.

“எழுதினதுகூடவா சார் நெனப்பிருக்கு?” என்றாள் சவேரியாள்.

“அழகா எழுதியிருக்கேன்னு மேலதிகாரி பாராட்டினார்.”

பூங்கோதை முதல்முறையாக வாய் திறந்தார். “அந்தப் பொந்து எங்க இருந்துச்சு? கையை வெச்சுக் காட்டுங்க சார்.”

வரைபடக்காரரின் நினைவு பிசகாது. கல்பாலத்திலிருந்து பதினோரு அடி அளந்து, குந்தி அமர்ந்து, வெட்டிவேர்ப் புதருக்குள் கையை நீட்டினார். கை நுழையவில்லை. தூரை விலக்கினார். உள்ளே வேர் பாய்போல் பின்னிக் கிடந்தது. அடுத்த இடத்தில் பார்த்தார். அதற்கடுத்த இடத்திலும் பார்த்தார். ஐந்தாவது இடத்தில் விரல் நின்றுவிட்டது.

“சிமெண்டுக்குக்கூட விரிசல் இருந்துச்சு,” என்றார்.

பூங்கோதை கொட்டகைக்குப் போய் மண்வெட்டியோடு திரும்பினார். கரை நடக்கும் நாளில் அவர் கருவி தொட்டு எவரும் பார்த்ததில்லை. அவர் அதைச் சபாபதியிடம் நீட்டினார்.

“ரெண்டு முழம்,” என்றார்.

“வெறும் மண்ணா விட்டா அடுத்த மழைக்கு இடிஞ்சு விழுமேம்மா?” என்றார் காதர் பாட்சா.

“விழட்டும். இடிஞ்சு நிக்கிற மண்ணைத்தான் அது கொத்திக் கூடு வைக்கும்.”

வெட்டிவேர் எளிதில் விடுகிற வேர் அன்று. சபாபதி வெட்டினார், நின்று மூச்சு வாங்கினார், மீண்டும் வெட்டினார். பெயர்ந்த தூர்களைச் சவேரியாள் தன் சரிந்த கரைக்கு எடுத்துப் போனாள். உச்சிப்பொழுதில், மூன்றாண்டுக்குப் பின், செம்மண் வெயிலைக் கண்டது. சபாபதி அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

“இப்ப வருமா?”

“மாசியில வந்து பார்க்கும். புடிச்சிருந்தா பங்குனியில தோண்டும்.”

“நான் இருக்க மாட்டேனே.”

“இருக்க மாட்டீங்க.”

“யாராவது பார்த்துச் சொல்லுவீங்களாம்மா?”

“அது எங்க யார் கண்ணுலயும் படாமலே வந்து போகலாம்.”

“ஒரே ஒரு தடவை பார்த்துட்டா மனசு…”

பூங்கோதை அந்த இரண்டு முழ மண்ணைப் பார்த்தபடியே சொன்னார்:

“அன்னைக்குக் குடியிருந்ததைப் பார்த்துட்டு அடைச்சீங்க சார். இன்னைக்குக் குடிவர்றதைப் பார்க்காம திறந்துட்டுப் போங்க.”

சபாபதி மண்வெட்டியை ஓடை நீரில் கழுவினார். கொட்டகையில் அதன் இடத்தில் சாய்த்து வைத்தார். வாயிற்கதவருகே சவேரியாள், “சார், சாப்பிட்டுட்டுப் போங்க,” என்றாள். அவர் கரையின் பக்கம் திரும்பாமல் வெளியே நடந்தார்.