ஆறாயிரம் அடியில் தரை

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்தாறு.

சீடர் நாச்சிமுத்து, கோயம்புத்தூரில் பம்ப்செட் தொழிற்சாலை நடத்துபவர். ஏழு வருடம் பாடுபட்டுத் தன் பட்டறையிலேயே ஒரு விமானம் செய்திருந்தார். குட்டைச் சிறகு, பெரிய எஞ்சின். குரு ஜெசிந்தா, விமானம் ஓட்டக் கற்றுத்தருபவர். புது விமானங்களை முதலில் ஓட்டிப் பார்ப்பதும் அவர்தான்.

நாச்சிமுத்துவின் விமானத்தை நாலு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு ஜெசிந்தா இறங்கினார்.

"எப்படிங்க மேடம்?"

"நல்லா பறக்குது சார். ஆனா வேகம் குறைஞ்சா, மத்த விமானம் மாதிரி விழுறதுக்கு முன்னாடி நடுங்கிக் காட்டாது. சொல்லாம விழும்."

நாச்சிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகப் பறக்க வேண்டும். ஊரையே அழைத்திருந்தார்.

"எந்த வேகத்துல விழும்? ஒரு நம்பர் சொல்லுங்க. அதுக்குக் கீழ போகாம பாத்துக்கறேன்."

ஜெசிந்தா நம்பர் சொல்லவில்லை. பயிற்சி விமானத்தில் அவரை ஏற்றிக்கொண்டு ஏழாயிரம் அடிக்குப் போனார்.

"ஆறாயிரம் அடிதான் தரைன்னு வெச்சுக்கங்க. கீழே தெரியுற ரயில் பாதைதான் ரன்வே. இறக்குங்க."

நாச்சிமுத்து இறக்கினார். பாதைக்கு நேராகத் திரும்பும்போது காற்று அவரைப் பாதையைத் தாண்டித் தள்ளியது. விட மனமில்லை. இடது பெடலை அழுத்தினார். விமானத்தின் மூக்கு சரிந்தது. மூக்கைத் தூக்க, கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்னால் இழுத்தார். இன்னும் இழுத்தார்.

இடது சிறகு சட்டென்று கவிழ்ந்தது. வயலும் பாதையும் ராட்டினம் போலச் சுற்றின. அவர் குச்சியை நெஞ்சோடு இழுத்துப் பிடித்திருந்தார்.

"இழுக்காதீங்க சார்! விடுங்க!"

விட முடியவில்லை. ஜெசிந்தா அவர் கையைத் தட்டிவிட்டு எஞ்சினைக் குறைத்தார். எதிர்ப் பெடலை மிதித்து, குச்சியை முன்னால் தள்ளினார். சுழற்சி நின்றது. விமானம் நிமிர்ந்தது.

"இப்ப எவ்வளவு உயரம்?"

"ஐயாயிரத்து நானூறு."

"தரை நமக்கு அறுநூறு அடி மேல இருக்கு."



"வேக முள்ளு அறுபத்தஞ்சு காட்டுச்சுங்க மேடம். அம்பதுக்குக் கீழ போனாத்தான் விழும்னு புத்தகத்துல போட்டிருக்கு."

"சிறகுக்குப் படிக்கத் தெரியாது சார்."

மறுநாளும் அதற்கு மறுநாளும் அதையே செய்தார்கள். மூன்றாம் நாள் நாச்சிமுத்துவின் கை தானாகக் குச்சியை முன்னால் தள்ளியது.

ஞாயிறு காலை நாச்சிமுத்து தன் விமானத்தில் தனியாக ஏறினார். மனைவி, மச்சான், தொழிலாளர்கள் எல்லாரும் மாலையோடு ஓடுதளத்தின் ஓரத்தில் நின்றார்கள். ஜெசிந்தா ரேடியோவோடு நின்றார்.

நாச்சிமுத்து இருபது நிமிடம் பறந்துவிட்டு இறங்க வந்தார். கடைசித் திருப்பத்தில் காற்று அவரை ஓடுதளத்தைத் தாண்டித் தள்ளியது. தரை நானூறு அடி கீழேதான் இருந்தது.

ஜெசிந்தா ரேடியோவை வாயருகே கொண்டுபோனார். பேசவில்லை.

எஞ்சின் உறுமியது. சிறகு நேரானது. விமானம் இறங்காமல் தலைக்கு மேலே கடந்து போனது.

"என்னாச்சு? பயந்துட்டாரா?" என்றார் மச்சான்.

இரண்டாம் தடவையும் தாண்டிப் போனார். யாரோ சிரித்தார்கள். மூன்றாவது தடவை இறங்கினார்.

மாலைகள் விழுந்தன. நாச்சிமுத்து அவற்றோடேயே ஜெசிந்தாவிடம் வந்தார். 

"ஏங்க மேடம் ரேடியோல ஒண்ணும் சொல்லல?"

"நான் சொல்லி உங்க கை கேக்கறதுக்கு அங்க நேரம் இல்ல சார்."

நாச்சிமுத்து குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு தடவையும் இழுத்துடத் தோணுச்சுங்க. எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க. அந்த எண்ணம் வராம இருக்க இன்னும் எத்தனை வருசம் பறக்கணும்?"

"எனக்குப் பதினாலு வருசம் ஆச்சு சார். இன்னும் வருது."

"வந்தா?"

"இன்னொரு சுத்து சுத்திட்டு வருவேன்."