பரீட்சை வாரத்தில் பறக்கும் வீரன்

தேனியில் ஒரு தியேட்டர். அங்கே டிக்கெட் கொடுக்கிறவள் செசிலி. முதலாளி தணிகாசலம் ஒருநாள் அவளைக் கூப்பிட்டார். வானத்தில் பறந்து ஊரைக் காக்கும் வீரனை வைத்து அவரே ஒரு படம் எடுத்திருந்தார். முழுப்பரீட்சை வாரத்தில் அதை வெளியிடப் போகிறாராம்.

"பறக்கிறவனுக்கு நாளென்ன, கிழமையென்ன? முதல் காட்சி நிறையணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்ல."

பிள்ளைகள் பார்க்கிற படத்துக்கு அந்த வாரம் யார் வருவார்கள்? செசிலி யோசித்தாள்.

"நிறைச்சிரலாம் முதலாளி. உங்க பையன் முன்வரிசையில உட்காருவான்னு ஊரெல்லாம் சொல்றேன். அவனைப் பார்த்து மத்த பிள்ளைகளும் வரும்."

முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"பரீட்சை நேரத்துல படமா?" என்றாள் அவர் மனைவி. "அவனைக் கூட்டிட்டுப் போனா, உங்க சாப்பாட்டையும் தியேட்டர்லயே பார்த்துக்கோங்க." போனை வைத்துவிட்டாள்.

"எல்லா வீட்டுலயும் இப்படி ஒரு அம்மா இருக்காங்க முதலாளி," என்றாள் செசிலி மெதுவாக. "நம்ம வீரன் அவங்களைத் தாண்டிப் பறப்பானா?"

தணிகாசலம் தொண்டையைச் செருமினார். "பரீட்சை என்னைக்கு முடியுது?"

கடைசிப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் அட்டையும் பேனாவுமாக நேரே தியேட்டருக்கு ஓடி வந்தார்கள். செசிலி ஜன்னலைத் திறந்தாள். வரிசையில் முதல் ஆள் முதலாளியின் பையன். அவன் பின்னால் நின்ற அம்மா கையை நீட்டினாள்.

"எனக்கும் சேர்த்து ரெண்டு டிக்கெட் குடும்மா."