பேர் தெரியாத கட்டை

"இது என்ன மரம்னே தெரியலையே தாயி!"

நாறும்பூநாதன் போட்ட சத்தத்தில் மடத்து அடுப்படியில் படுத்திருந்த பூனை எழுந்து வெளியே போனது.

உலகம்மைத் தாயி கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரிஞ்சு என்ன செய்யப் போறிய அண்ணாச்சி?"

"பேரு தெரிஞ்சாத்தானே குணம் தெரியும்? குணம் தெரிஞ்சாத்தானே உளி பிடிக்க முடியும்?"

"உங்க வீட்டுல எல்லார் பேரும் உங்களுக்குத் தெரியுமே. பொறவு ஏன் இங்க ஓடி வந்திய?"

நாறும்பூ கட்டையைப் புரட்டிப் போட்டார்.

தாயி அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் அவள்தான் குரு, இவர்தான் சீடர். அவள் 'அண்ணாச்சி' என்று கூப்பிடும்போதெல்லாம் அவருக்கு எரிச்சல் கொஞ்சம் கூடவே வரும்.

மடத்தில் ஒரு விதி உண்டு. தை மாத யாத்திரைக்கு வருகிறவர், பிச்சைப் பாத்திரத்தைத் தன் கையாலேயே செய்துகொள்ள வேண்டும். பாத்திரம் இல்லாதவர் மடத்திலேயே இருந்து மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மற்றவர்களுக்கு அது ஒரு வேலையே இல்லை. ஒருவர் தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்துக்கொண்டார். இன்னொருவர் சுரைக்குடுக்கையை அறுத்துக்கொண்டார்.

நாறும்பூவுக்கு மட்டும் தாயி ஒரு கட்டையைக் காட்டினாள். ஐப்பசி வெள்ளத்தில் அடித்துவந்து, படித்துறையில் சிக்கிக் கிடந்த கட்டை.

"நீங்க கடைசல்காரராச்சே. இதுல கடைஞ்சுக்கிடுங்க."

கடைசல்காரர்தான். அம்பாசமுத்திரத்துப் பக்கம் முப்பது வருஷம் சொப்புச் சாமான் கடைந்த கை. ஆனால் அந்தக் கைக்குத் தெரிந்தது மஞ்சக்கடம்பு ஒன்றுதான். அது வெண்ணெய் மாதிரி வரும். இந்தக் கட்டையோ உளியைக் கண்டாலே முறைத்தது.

விறகு வெட்டுகிறவரைக் கேட்டார். "மருதா இருக்கும்" என்றார். வைத்தியரைக் கேட்டார். "மருது இப்படியா நாறும்?" என்று கேட்டுவிட்டு அவரும் பேர் சொல்லவில்லை. வனக்காவலர் ஒரு சிராயை வாயில் போட்டு மென்று, துப்பிவிட்டுப் போய்விட்டார்.

மடத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் அவர் இன்னும் யாத்திரை போகவில்லை; போன வருஷம் காய்ச்சலில் போயிற்று. அடுத்த வருஷம் வரை முழங்கால் தாங்காது. இந்தத் தையில் போனால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

கட்டையை மூன்றாக அறுத்தார்; முதல் துண்டு இரண்டாகப் பிளந்தது. இரண்டாவது துண்டு, கடைசல் மெஷினில் சுற்றும்போதே தெறித்துப் போய் மாட்டுக்கொட்டகைச் சுவரில் மோதியது. மாடு அவரை ஒரு பார்வை பார்த்தது.

மிஞ்சியது ஒரே ஒரு துண்டு. நாளைக்கு யாத்திரை.

இந்த முறை அவர் மஞ்சக்கடம்பை மறந்தார். வேறு வழி இல்லை. உளியை லேசாக வைத்தார். கட்டை எங்கே முரண்டுகிறதோ அங்கே விட்டுக்கொடுத்தார். திட்டிக்கொண்டேதான் விட்டுக்கொடுத்தார்.

பாத்திரம் மெல்ல உருவாகி வந்தது. பக்கத்தில் ஓரிடத்தில் கன்னங்கரேலென்று ஒரு ரேகை ஓடியது. அடடா என்றிருந்தது அவருக்கு. அந்த ரேகை வீணாகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கடைந்தார்.

டங்!

உளி முனை பறந்தது.

மெஷினை நிறுத்திக் குனிந்து பார்த்தார். கறுப்பு ரேகைக்கு நடுவில் ஓர் ஆணி. அவர் அழகென்று கொஞ்சியதெல்லாம் அதன் துருக்கறை. ஆணியைச் சுற்றி நீளமாக ஒரு தலைமுடி.

இந்த மாதிரி ஆணி அவருக்குத் தெரியும். பேய் பிடித்த பெண்ணின் உச்சிமுடியை ஆணியில் சுற்றி மரத்தில் அடித்துவிடுவார்கள். பேய் மரத்தோடு தங்கிவிடும், பெண் வீட்டோடு போய்விடுவாள். அவர் ஊரில் அதற்கென்றே ஒரு புளியமரம் நின்றது.

பாத்திரத்தைத் துண்டால் சுற்றித் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார்.

"தாயி, இது பேய் ஆணி! ஆத்துலயே விட்டுருதேன்."

தாயி கஞ்சி துழாவிக்கொண்டிருந்தாள். "பாத்திரம் நல்லா வந்திருக்கே. ஆணியைப் பிடுங்குங்க."

"பிடுங்கினா வெளிய வந்துராதா?"

"எது?"

"அதான்... உள்ள கெடக்குறது."

தாயி ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்தாள். பாத்திரத்தை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஒரே இழுப்பு. ஆணி முடியோடு வந்தது.

நாறும்பூ வாசல்வரை பின்வாங்கியிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கஞ்சி கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"பாத்திரம் ஆச்சு. நாளைக்கு நீங்களும் வாங்க," என்று தாயி நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தவருக்கு அழுகையே வந்துவிட்டது. சரியாகப் பாதி உயரத்தில், விரல் நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை. ஆணியைச் சுற்றி உளுத்திருந்ததும் சேர்ந்து வந்துவிட்டது.

"ஆணி இருந்தா பேய். ஆணியை எடுத்தா ஓட்டை. நான் என்னதான் செய்ய தாயி? எல்லாரும் சிரட்டையோட நிம்மதியா இருக்காங்க. என்னை மட்டும் ஏன் இந்தப் பாடு படுத்துதிய?"

தாயி அந்தத் தலைமுடியை ஆணியிலிருந்து பிரித்து, மடியில் வைத்து நீவிவிட்டாள். பிறகு தன் கொண்டையை அவிழ்த்துக் குனிந்து உச்சியைக் காட்டினாள்.

கால் ரூபாய் அகலத்துக்கு அங்கே முடியே இல்லை.

"எனக்கும் ஒரு ஆணி அடிச்சாங்க அண்ணாச்சி. எங்க ஊர் மரத்துல."

"உங்களுக்கா? ஏன்?"

"பார்த்த மாப்பிள்ளை வேண்டாம்னேன். அடிச்சுக் கேட்டாங்க. அப்பவும் வேண்டாம்னேன். நம்ம பிள்ளை இப்படிப் பேசாது, உள்ள இருந்து பேய் பேசுதுன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க."

கொண்டையை முடிந்துகொண்டு அகப்பையை எடுத்தாள். "பாத்திரத்தைக் காட்டுங்க."

அவர் ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு நீட்டினார். தாயி விளிம்புவரை ஊற்றினாள்.

கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கேட்டேவிட்டார்.

"அந்தப் பேய்... போயிட்டுதா தாயி?"

"எங்க போச்சு? மூணு வருசமா உங்களுக்குக் கஞ்சி ஊத்திட்டிருக்கு."

அவர் விரல் ஓட்டையை விட்டு விலகியது. கஞ்சி அவர் காலில் வடிந்தது. சூடாகத்தான் இருந்தது. அவர் காலை நகர்த்தவில்லை.

ஓட்டை மட்டத்துக்கு வந்ததும் கஞ்சி தானாக நின்றது.

"குடிங்க," என்றாள் தாயி. "காலையில வெள்ளனக் கிளம்பணும்."