சடைச்சி வறுத்த தேன்தினை

அந்தக் காலத்தில் விலங்குகளுக்குப் பேச்சு இருந்தது. எது எதனால் நடக்கிறது என்ற தெளிவு மட்டும் இல்லை. பூ உதிர்ந்ததால் காய் வந்ததா, காய் வந்து தள்ளியதால் பூ உதிர்ந்ததா என்று மான்கள் நாள் முழுதும் வாதாடும். உச்சிவேளையில் தன் நிழல் எங்கே போய் ஒளிகிறது என்று பார்க்க முயல் காலடியில் குழி தோண்டும். நெருப்புகூட அப்போது எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. இடி விழுந்த பட்டமரம் ஒன்று மலைச்சரிவில் கனன்றுகொண்டே இருக்கும். வேண்டியவர்கள் வந்து கங்கு எடுத்துப் போவார்கள்.

அந்த மலைக் குகை ஒன்றில் சடைச்சி என்ற கரடி வாழ்ந்தது. மற்றக் கரடிகளைப் போலவே சடைச்சிக்கும் அப்போது மேல்வாயில் முன்பற்கள் முழு வரிசையாக இருந்தன. ஓடைத் தண்ணீரில் அந்தப் பல்வரிசையைப் பார்த்துக்கொள்வதில் அதற்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதன் ஒரே குட்டி பொதியன். பிறந்தபோது பெயருக்கேற்றபடி சின்னப் பொதி போலக் கொழுகொழுவென்று இருந்த குட்டி, கடந்த மழைக்காலத்தில் இளைத்துவிட்டது. சடைச்சி குகைக்குள் குவித்து வைத்திருந்த தினை முழுவதும் ஈரத்தில் பூசணம் பிடித்துப்போனதுதான் காரணம். அடைமழையில் வெளியே போய்த் தேடவும் முடியவில்லை. முதுகைத் தடவினால் குட்டியின் எலும்பு தட்டுப்பட்டது.

இன்னொரு மழைக்காலம் அப்படிக் கழிந்தால் பொதியன் பிழைக்காது. சடைச்சிக்கு அது நன்றாகவே தெரியும்.

குகைக்கு மேலே ஒரு மருதமரம். அதன் பொந்தில் செம்பி என்ற மலை அணில் குடியிருந்தது. போன மழைக்காலத்தில், கீழே சடைச்சி பசியோடு படுத்திருந்த நாட்களில், மேலேயிருந்து ஒரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மொறுக், மொறுக், மொறுக்.

மேகம் திரளத் தொடங்கியபோது சடைச்சி வெட்கத்தை விட்டு மரத்தடியில் போய் நின்றது.

"செம்பி, கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதே. மழை முழுக்க நீ மொறுமொறுவென்று தின்றாயே, அது என்ன?"

"தேன்தினை, அக்கா! கீழே வரைக்குமா கேட்டது?"

"எனக்குக் கேட்டது பரவாயில்லை. குட்டிக்கும் கேட்டதுதான் கஷ்டம்."

செம்பிக்குச் சங்கடமாகிவிட்டது. கிளை கிளையாக இறங்கி வந்து, மூச்சு விடாமல் பக்குவத்தைச் சொன்னது.

"தினையைத் தூசி போகப் புடைத்துக்கொள். சாரைப்பருப்பை உடைத்துப் போடு. கொஞ்சம் எள். தேனை ஊற்றி, ஒவ்வொரு தினையிலும் படுகிறமாதிரி பிசிறு. தேன் கூடினால் கூழாகிவிடும், குறைந்தால் உதிர்ந்துவிடும், பார்த்துக்கொள். கங்கின்மேல் தட்டைக் கல்லைப் போட்டு மெல்லிசாகப் பரப்பு. அடிக்கடி கிளறிவிடு. பொன்னிறமாகி வாசனை வந்ததும் இலையில் கொட்டு. மொறுமொறுத்துவிட்டால் மழை முழுக்கப் பூசணம் பிடிக்காது. முடிந்தது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

செம்பி எதையும் மறைக்கவில்லை. ஆனால் அதற்கே தெரியாத ஒன்று இருந்தது. செம்பி ஓர் இடத்தில் நிற்காத பிறவி. வறுத்ததை இலையில் கொட்டுவதற்குள் வானத்தில் பருந்தின் நிழல் தெரியும். கத்திக்கொண்டே உச்சிக்கிளைக்கு ஓடும். அங்கிருந்து பார்த்தால் பக்கத்து மரத்து அணில் எல்லை தாண்டியிருக்கும். அதோடு ஒரு சண்டை. எல்லாம் முடித்து, வறுத்த நினைவு வந்து இறங்கும்போது தேன்தினை ஆறி, மொறுமொறுவென்று இருக்கும். நெருப்புதான் அப்படிச் செய்தது என்றே செம்பி நம்பியிருந்தது.

சடைச்சி தினை சேர்த்தது, எள் சேர்த்தது, சாரைப்பருப்பு பொறுக்கியது. தேனுக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. மலைத்தேனீக்களின் ராணி பாறையிலிருந்து இறங்காமலே பேசியது.

"ஒரே ஒரு அடை தருகிறேன். அதற்குமேல் இந்த மழை முடியும்வரை பாறைப் பக்கம் உன் மூக்கே தெரியக்கூடாது."

"தெரியாது தாயே," என்று சொல்லி வாங்கிக்கொண்டது சடைச்சி.

மறுநாள் ஓடைக்கரைக்குக் கங்கு கொண்டுவந்து, கல்லைச் சூடாக்கி, செம்பி சொன்னபடியே செய்தது. அவசரப்படவில்லை. கருகாமல் கிளறியது. தினை பொன்னிறமானது. காடே மணத்தது. பொதியன் இரண்டு காலில் நின்று மூக்கை ஆட்டியது. சடைச்சி எல்லாவற்றையும் ஒரு பெரிய தேக்கிலையில் கொட்டியது.

உணவை விட்டு நகர்வது கரடிக்குப் பழக்கமில்லை. சடைச்சி இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்து, உடனே ஒரு நகத்தால் அழுத்திப் பார்த்தது.

மெத்தென்று இருந்தது.

இன்னொரு பக்கம் அழுத்தியது. அங்கும் மெத்தென்றுதான் இருந்தது. வாயில் கொஞ்சம் போட்டது. உதடு பொசுங்கியது, உஸ், உஸ் என்று ஊதிக்கொண்டது. மொறுக் என்ற சத்தம் மட்டும் வரவில்லை.

"செம்பி! இங்கே வா!"

செம்பி ஓடி வந்தது. "பொன்னிறம் வந்ததா?"

"வந்தது."

"வாசனை?"

"உன் மூக்கு என்ன ஊருக்குப் போயிருக்கிறதா?"

"கிளறினாயா?"

"கை ஓய்ந்துவிட்டது."

"அப்படியானால் மொறுமொறுவென்றுதான் இருக்க வேண்டும்," என்றது செம்பி.

"நான் இல்லை என்கிறேன், நீ இருக்க வேண்டும் என்கிறாய். தொட்டுப் பார்!"

செம்பி தொட்டது. மெத்தென்று இருந்தது. காலை உதறிவிட்டு மறுபடியும் தொட்டது. இலையைச் சுற்றி ஒரு தடவை வந்தது. "எனக்கும் ஒன்றும் புரியவில்லையே, அக்கா. சூடாக இருக்கும்போது நான் தொட்டதே இல்லை. எனக்கு எப்போதும் மொறுமொறுவென்றுதான் வரும்."

"ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறாய்."

"என் வால்மேல் சத்தியம்!"

"உன் வாலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? என் குட்டி சாப்பிடுமா?"

செம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. முதுகைக் காட்டிக்கொண்டு மரமேறிப் போனது.

இலையில் கொட்டியபோது சிதறிய ஒரு கட்டி ஓடைக்கரைப் பாறையில் விழுந்து கிடந்தது. பொதியன் அதை எடுத்து வாயில் போட்டது. மொறுக் என்று சத்தம் வந்தது.

"கல்லையெல்லாம் கடிக்காதே, பல் போய்விடும்!" என்று சடைச்சி திரும்பிப் பார்க்காமலே அதட்டியது. பொதியன் வாயை மூடிக்கொண்டு மிச்சத்தை ரகசியமாக மென்றது.

நெருப்பு போதவில்லை, வேறென்ன என்று முடிவு செய்த சடைச்சி, எல்லாவற்றையும் மறுபடி கல்லில் பரப்பியது. பொன்னிறம் செந்நிறமானது. எடுத்து உடனே அழுத்தியது. மெத்து. மறுபடி கல்லில். செந்நிறம் பழுப்பானது. எடுத்து உடனே அழுத்தியது. அப்போதும் மெத்து. நெருப்பில் வைத்த மண் இறுகுகிறது, முட்டை இறுகுகிறது, இது மட்டும் ஏன் இளகுகிறது? சடைச்சி தலையைச் சொறிந்தது. கங்கைக் கூட்டி இன்னொரு முறை கல்லில் போட்டது. புகை எழுந்தது. தேன் கொப்பளித்துக் கறுத்தது.

அப்போது இடி இடித்தது. முதல் துளி சடைச்சியின் மூக்கின்மேல் விழுந்தது. சடைச்சி பதறி எல்லாவற்றையும் இலையில் அள்ளிச் சுருட்டிக்கொண்டு, குட்டியை முதுகில் ஏற்றி, குகைக்கு ஓடியது. பொதியனைத் துவட்டிவிட்டு, வாசலில் சருகு அடைத்துவிட்டு, பிறகுதான் இலையைப் பிரித்தது.

தொட்டுப் பார்த்தது. பாறை போல இறுகியிருந்தது.

சடைச்சிக்கு நம்ப முடியவில்லை. நெருப்பில் இருந்தபோது இறுகாதது, மழையில் ஓடிவந்த பிறகு எப்படி இறுகியது? நனையவும் இல்லையே! இது மாயமா, தேனீக்களின் வேலையா? எதுவானால் என்ன, இறுகிவிட்டது! மகிழ்ச்சியில் பெரிய கட்டியாக எடுத்து, முன்பற்களால் ஓங்கிக் கடித்தது.

சத்தம் வந்தது. ஆனால் உடைந்தது கட்டியல்ல. மேல்வாயின் நடுவிலிருந்த இரண்டு முன்பற்களும் தெறித்துக் குகைத்தரையில் விழுந்தன.

பொதியன் கட்டியை நக்கிப் பார்த்தது. "கசக்குது அம்மா," என்றது.

மழை பிடித்துக்கொண்டது. தினை கரியாகிவிட்டது. தேனுக்கு இனி வழியில்லை. மறுநாள் செம்பி கோபத்தை மறந்து தன் பங்கிலிருந்து ஒரு கை தேன்தினை கொண்டுவந்து வைத்தது. கரடிக்குட்டிக்கு அது ஒரு வாய்க்குத்தான் காணும். "என் குட்டிகளுக்கும் வேண்டுமே, அக்கா," என்று தலைகுனிந்து நின்றது. சடைச்சியால் அதைக் கோபிக்க முடியவில்லை. அன்று இரண்டும் எவ்வளவோ யோசித்துப் பார்த்தன. ஒரே பக்குவம், ஒரே நெருப்பு. ஒருவருக்குத் தின்பண்டமும் மற்றவருக்குக் கல்லும் எப்படி வந்தன என்று விளங்கவே இல்லை.

பொதியன் அழுவதையும் நிறுத்திவிட்டது. அது இன்னும் பயமாக இருந்தது. சடைச்சி மழையோடு மழையாகக் கிழங்கு தேடிக் கிளம்பியது. கிழங்கு கிடைக்கவில்லை. சரிந்த மரமொன்றின் அடியில் மழை படாத புற்று ஒன்று தெரிந்தது. ஏதாவது இருக்குமா என்று நகத்தால் பிளந்தது. உதடு பொசுங்கியதிலிருந்து எதை வாயருகே கொண்டுபோனாலும் முதலில் ஊதிப் பார்ப்பது சடைச்சிக்கு வழக்கமாகியிருந்தது. புற்றையும் ஊதியது. புழுதி பறந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கரையான் கூட்டம்!

ஆச்சரியத்தில் சடைச்சி 'ஆ' என்று மூச்சை உள்ளே இழுத்தது. பல் விழுந்த இடைவெளி வழியாகக் கரையான்கள் சர்ரென்று வாய்க்குள் வந்து விழுந்தன. மறுபடி ஊதியது, மறுபடி உறிஞ்சியது. பல்வரிசை முழுதாக இருந்த காலத்தில் நக்கி நக்கிப் பார்த்தும் நாலு கரையான் அகப்பட்டதில்லை. இப்போதோ ஒரே உறிஞ்சலில் வாய் நிறைந்தது.

சடைச்சி ஓடிப்போய்க் குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தது. புழுதியை ஊதித் தள்ளி, குட்டியின் மூக்கைப் புற்றுக்குள் அழுத்தியது. சின்னப் பால்பற்களின் இடுக்கு வழியாக உறிஞ்சி, பொதியன் வயிறு நிறையத் தின்றது. மழை முடிவதற்குள் மறுபடியும் பொதி போல உருண்டுவிட்டது. அதன் பால்பற்கள் விழுந்து முளைத்தபோது, மேலே நடுவில் இரண்டு மட்டும் முளைக்கவே இல்லை.

வெயில் வந்ததும், புதிதாக வறுத்த தேன்தினையை இலையில் கொட்டிவிட்டு, செம்பி கிளையில் தொங்கியபடி கேட்டது: "பல் போனால் பட்டினி என்பார்கள். உனக்குப் பல் போய்ச் சோறு வந்திருக்கிறது. எப்படி அக்கா?"

"தெரியவில்லை. உன் தினை எப்படி மொறுமொறுக்கிறது, அதைச் சொல் முதலில்."

"அதுவும் தெரியவில்லையே," என்றது செம்பி. பதில் யோசிப்பதற்குள் வானத்தில் பருந்தின் நிழல் தெரிந்தது. வறுத்ததை இலையில் அப்படியே விட்டுவிட்டுக் கத்திக்கொண்டு உச்சிக்கிளைக்கு ஓடிவிட்டது.

அன்று முதல்தான் கரடிக்கு மேல்வாயின் நடுவில் இரண்டு பற்கள் இல்லை. அன்று முதல்தான் குளிர்ந்து கிடக்கும் கரையான் புற்றைக்கூட, சுட்டுவிடுமோ என்ற குழப்பம் இன்னும் தீராமல், உஸ்ஸென்று ஊதிவிட்டே அது வாய் வைக்கிறது.